3.4 ஓவருக்கு எத்தனை பந்து?

ஏழாம் வகுப்புக்குத் தசமம் நடத்தும்போது நான் ஐபிஎல் ஸ்கோர்கார்டைத்தான் எடுப்பேன். பிள்ளைகள் நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைக்கும் விளையாட்டு இது. நாலு பேர் ஒரு குழு. கையில் 100 புள்ளி, அதற்குள் 11 வீரர்களை வாங்க வேண்டும். விலைப்பட்டியலை நீங்களே எழுதிவிடுங்கள். செயலியும் பணமும் வேண்டவே வேண்டாம். நோட்டு, பென்சில் போதும்.

மறுநாள் காலை, முந்தின நாள் ஆட்டத்தின் ஸ்கோரை வைத்துக் கணக்கு. 32 பந்தில் 48 ரன் என்றால் ஸ்டிரைக் ரேட், அதாவது 100 பந்துக்கு எத்தனை ரன் என்பது, 150. இது சுலபம். ஓவரில்தான் சிக்கல். 3.4 ஓவரில் 33 ரன் கொடுத்தவருக்கு எகானமி, அதாவது ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று கேட்டால், பிள்ளைகள் 33-ஐ 3.4-ஆல் வகுப்பார்கள். உடனே திருத்தாதீர்கள். ஓவருக்கு ஆறு பந்து என்று பந்துகளை எண்ணச் சொல்லுங்கள்: மூன்று ஓவரும் நாலு பந்தும், மொத்தம் 22. அப்புறம் 33-ஐ 22-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்கினால் சரியாக 9. 3.4-இல் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் நாலு இல்லை, ஆறில் நாலு என்று அவர்களே கண்டுபிடிக்கும் அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். கிரிக்கெட் தெரியாத பிள்ளையிடம் குழுவின் புள்ளிக் கணக்கை எழுதும் நோட்டைக் கொடுங்கள்.