திருகோணமலையில் வீடு தேடும் நம்மூர்க்காரர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலையில் வந்து இறங்கியதும் ஒரு மயக்கம் வரும். கடைப் பலகை தமிழ், பேச்சு தமிழ், கோயில் மணிகூட நம்ம ஊர் மணி. வீடு பிடிப்பதும் நம்ம ஊர் மாதிரிதான் என்று நினைத்துவிடுவோம். நான் அப்படி நினைத்து ஏழாம் மாதம் சட்டி பானையோடு தெருவில் நின்றவன்.

விசா வேலையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கொழும்புப் பக்கம் குடிவரவு அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லைக்கு ஒரு நாள் அலைச்சல், எல்லாத்துக்கும் இரண்டு நகல், அவ்வளவுதான். வீட்டுக்கு வருவோம்.

தனி ஆள் என்றால் ‘அனெக்ஸ்’ கேளுங்கள்: வீட்டோடு ஒட்டி, தனி வாசலோடு ஒரு அறை, சின்னக் குசினி. குசினி என்றால் சமையலறை. எனக்கு அது விளங்கவே ஒரு வாரம் ஆனது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் டவுனை விட்டு நகராதீர்கள். வயதான அம்மா கூட வந்தால் மாடி வேண்டாம், பத்ரகாளி கோயிலுக்கு நடக்கிற தூரம் போதும். திருக்கடலூரில் ஒரு வீட்டின் பெரிய முற்றத்தைப் பார்த்து ஆசைப்பட்டேன். “வலை காயப்போடுற இடம் தம்பி, உங்களுக்கு என்னத்துக்கு?” என்று சிரித்தார் ஒரு மீனவர். அவர் சொன்னது அப்போது மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

அம்மா, மகன், மனைவி மூன்று பேரையும் மறந்து, எனக்குப் பிடித்த கடலுக்காக உப்புவெளியில் வீடு எடுத்தேன். அது அக்டோபர். விடுதிகள் பாதி பூட்டிக் கிடந்தன, வாடகை மலிவு. முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம், ஆறு மாத அட்வான்ஸ். சென்னையில் பத்து மாதம் கேட்பான், இது லாபம் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

ஏப்ரலில் வீட்டுக்காரர் வந்தார். “குறை நினைக்காதீங்க தம்பி, சீசன் தொடங்கப் போகுது.”

வடகீழ்ப் பருவக்காற்றில் குமுறும் இந்தக் கடல் மே முதல் செப்டம்பர் வரை குளம்போலக் கிடக்கும். வெள்ளைக்காரர்கள் வருவது அப்போதுதான். நான் மாதத்துக்குக் கொடுப்பதை அவர்கள் சில நாளில் கொடுத்துவிடுவார்கள். நான் மழைக்காலத்துக்கு வீட்டைக் காத்த காவல்காரன், அதுவும் காசு கொடுத்து!

ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். அவர் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இங்கே ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு, அதாவது நோட்டரி முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். வெள்ளைக்காரன் 1840இல் போட்ட மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. பதிவு செய்யாமல் தப்பிக்கிற நம்ம ஊர் பதினொரு மாதத் தந்திரம் இங்கே செல்லாது. என் தாளுக்கு மாத வாடகைக்காரன் என்பதற்கு மேல் மதிப்பில்லை. அட்வான்ஸ் திரும்பி வருமா, வாடகையில் கழியுமா என்றும் அதில் எழுதவில்லை. பெயின்ட், கிணற்று மோட்டார் என்று கழித்து இரண்டு மாதப் பணம்தான் கைக்கு வந்தது.

சாமான் ஏற்றிய லொறி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்றபோது, குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டிருந்த புள்ளிமானைப் பார்த்து மகன் மட்டும் சிரித்தான். அம்மா வாயே திறக்கவில்லை.

இப்போது டவுனுக்குள் இருக்கிறோம். இதிலும் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டுக்காரருக்குக் கல்யாண வயதில் மகள் உண்டா? கிழக்கில் வீடு பெரும்பாலும் மகளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அதுவரைதான் வாடகைக்கு விடுவார்கள். எங்கள் வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன். “ரெண்டு வருசத்துக்குப் பேச்சே இல்லை” என்று நொத்தாரிசிடம் கையெழுத்துப் போட்டார்.

அம்மாதான் இப்போது அந்தப் பெண்ணுக்கு நல்ல இடமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.