கால் மரத்துப்போனால் கிரீன் டீ மாத்திரையா? பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அம்மாவுக்குக் கால் மரத்துப்போகுதாம். ரத்த ஓட்டத்துக்கு நல்லதுன்னு போட்டிருந்தது, ஆன்லைன்ல வாங்கிக் கொடுத்துட்டேன்." கிரீன் டீ மாத்திரை பல வீடுகளுக்குள் நுழைவது இப்படித்தான். பிள்ளையின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் தவறு அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. கால் மரத்துப்போனாலே ரத்த ஓட்டக் குறைவு என்று யார் சொன்னது?

நம் ஊரில் பெரியவர்களுக்குப் பாதம் மரத்துப்போவதும் எரிவதும் பெரும்பாலும் சர்க்கரை நோயால் நரம்பு கெடுவதன் அறிகுறி. வைட்டமின் பி12 குறைவாலும் வரும். ரத்தக்குழாய் அடைப்பின் வலி வேறு மாதிரி. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கும், நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும், மறுபடி நடந்தால் திரும்ப வரும். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவர் கெட்டியாகி இந்த எண் ஏமாற்றலாம் என்பதால் மேற்கொண்டு சோதனை தேவைப்படும். நரம்பு கெட்டதோ குழாய் அடைத்ததோ, இரண்டுக்குமே கிரீன் டீ மருந்தில்லை. ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருந்தவர்கள் விரலை இழக்க நேரிடும்.

சரி, ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்ற இந்தப் பெயர் கிரீன் டீக்கு எங்கிருந்து வந்தது? ஜப்பானின் மியாகி மாவட்டத்தில் 40 முதல் 79 வயது வரையுள்ள 40,530 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2006இல் வெளியானது. தினமும் ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறப்பது குறைவாக இருந்தது, குறிப்பாகப் பெண்களிடம். கவனியுங்கள், அவர்கள் குடித்தது டீ. மாத்திரை விழுங்கவில்லை. அதோடு, இப்படிக் கவனித்துப் பார்க்கும் ஆய்வை வைத்து டீதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கிரீன் டீயைக் கொடுத்தே சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் மேல் ரத்த அழுத்தம் சராசரியாக இரண்டு புள்ளி அளவுக்குத்தான் குறைகிறது. அதை நம்பி பிபி மாத்திரையை நிறுத்துவது விபரீதம்.

மாத்திரையையும் டீயையும் ஒன்றாக நினைப்பதுதான் நான் பார்த்தவற்றிலேயே பெரிய தவறு. குன்னூரில் பறிக்கும் அதே தேயிலைதான், கறுக்க விடாமல் சூடாக்கி உலர்த்தினால் கிரீன் டீ. அதை வெந்நீரில் போட்டுக் குடிப்பது ஒன்று. அதிலிருந்து இ.ஜி.சி.ஜி. என்ற பொருளைப் பிழிந்தெடுத்து மாத்திரைக்குள் அடைப்பது முற்றிலும் வேறு. அமெரிக்காவின் மினசோட்டாவில் மாதவிடாய் நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்கு தினமும் சுமார் 843 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. ஓராண்டு கொடுத்தார்கள். அவர்களில் 6.7 சதவீதம் பேருக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ரத்தத்தில் உயர்ந்தது. சாறு இல்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் அது 0.7 சதவீதம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2018இல், நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரலுக்குக் கவலை என்று சொல்லிவிட்டது.

லேபிளைப் படிப்பதிலும் சறுக்கல் இருக்கிறது. "500 மில்லிகிராம் சாறு, 45 சதவீதம் இ.ஜி.சி.ஜி." என்றிருந்தால் ஒரு மாத்திரையில் 225 மில்லிகிராம். காலை இரண்டு, இரவு இரண்டு என்று போட்டால் 900 ஆகிவிடும். எடை குறைக்கும் பொடி ஏதாவது கூடவே ஓடிக்கொண்டிருந்தால் அதிலும் இதே சாறு இருக்கலாம்.

வெறும் வயிற்றில் போடவே கூடாது. சாப்பிடாமல் எடுத்தால் ரத்தத்தில் ஏறும் இ.ஜி.சி.ஜி. மூன்று மடங்குக்கும் மேல் போகிறது. ஏகாதசி, சஷ்டி என்று விரதமிருக்கும் பெரியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். "மாத்திரை மட்டும் தண்ணியில போட்டுக்கிட்டேன், வேற ஒண்ணும் சாப்பிடல" என்பார்கள் பெருமையாக.

அப்புறம் மருந்துகளோடு மோதல். நாடோலால் என்ற பிபி மருந்தை கிரீன் டீ குடிக்கும் ஆரோக்கியமானவர்களிடம் சோதித்தபோது ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தது. எல்லா பிபி மருந்துக்கும் இதே கதி என்று அர்த்தமில்லை. கொழுப்புக்குப் போடும் அடார்வாஸ்டாடினின் அளவையும் இந்தச் சாறு குறைக்கலாம். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாளுக்கு லிட்டர் கணக்கில் கிரீன் டீ குடித்த ஒருவருக்கு ரத்த உறைவைக் காட்டும் ஐ.என்.ஆர். (இது இறங்கினால் ரத்தம் எளிதில் உறையும்) 3.79இலிருந்து 1.37க்கு இறங்கியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்வது இலையில் உள்ள வைட்டமின் கே. அது வடிகட்டிய டீயில் அதிகம் இறங்காது. இலையையே அரைத்துக் குடிக்கும் மாட்சா பொடி அப்படியல்ல.

இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் டீயையும் இதையும் அதிலிருந்து ஓரிரு மணி நேரம் தள்ளி வையுங்கள். தூக்கம் வராதவர்கள் கிரீன் டீ மாத்திரையில் காஃபின் உண்டா என்று பாருங்கள்.

"இயற்கையானதுதானே" என்று இதை டாக்டரிடம் சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம். ஆபரேஷன் நாள் குறித்திருந்தால் அவசியம் சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்கிய பின் பசி போய், உடம்பு அரித்து, சிறுநீர் கடும் டீ நிறத்தில் போய், கண் மஞ்சளானால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும்போது அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு இ.ஜி.சி.ஜி. உள்ளே போயிருக்கிறது என்பதை டாக்டர் அந்த லேபிளைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்.