மஞ்சள் ராஸின் வாய்ப்புண்ணுக்குக் காரணம் சல்லி

என் பவளத் தொட்டிக்கு (பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டி) மஞ்சள் கோரிஸ் ராஸ் என்ற சிறு கடல்மீன் வந்த மூன்றாம் நாளே அதன் கீழ்த்தாடை வெளிறித் தோல் உரிந்திருந்தது. தீனியைக் கவ்வி உடனே துப்பியது. தண்ணீரில் குறையில்லை: மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025. சண்டையோ என்று க்ளௌன் மீன்களைத் தடுப்பு வைத்துப் பிரித்தேன், பலனில்லை. தொற்று என்று மருந்து போடவிருந்தேன். நல்லவேளை, போடவில்லை.

ஆறாம் நாள், விளக்கு அணைய அரைமணி இருக்கும்போது தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். ராஸ் தலைகீழாகப் பாய்ந்து அடிப்பரப்பில் முட்டியது. துள்ளித் திரும்பி மறுபடி முட்டியது. நான்காவது தடவைதான் பாதி உடம்பு உள்ளே போனது. இந்த வகை இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும். நான் போட்டிருந்ததோ 3 மில்லிமீட்டர் பவளச் சல்லி, அதுவும் 2 சென்டிமீட்டர் ஆழம்தான்.

எல்லாவற்றையும் கிளறி மாற்றவில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான பருமனுள்ள அரகொனைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக் கனிமம்) மணலைக் கழுவி, 7 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, அது முட்டும் மூலையிலேயே வைத்தேன். இரண்டாம் இரவு ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விட்டது. மேலே ஒரு சின்னக் குழி மட்டும் தெரிந்தது. பத்து நாளில் தாடை ஆறியது, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது. ஃபேரி ராஸ் என்ற இன்னொரு வகை ராஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கிண்ணம் தேவையில்லை. அவை பாறை இடுக்கில் தூங்குபவை.