மேல்தணலில் சுட்ட அயலை, குடம்புளி–கருப்பட்டி சாஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் வீட்டில் அயலை (கானாங்கெளுத்தி) வந்தால் இரண்டே வழிதான். தேங்காய் அரைத்துக் குடம்புளி போட்ட குழம்பு, இல்லையென்றால் பொரித்த மீன். பொரிக்கும்போது மீனின் சொந்த நெய்யெல்லாம் சட்டியிலேயே தங்கிவிடுகிறதே என்ற ஆதங்கம் எனக்கு வெகுநாளாக உண்டு. அந்த நெய் மீனுக்குள்ளேயே நிற்க, தோல் மட்டும் மொறுமொறுவென்று வர, மேலிருந்து இறங்கும் சூட்டில் சுடுவது நல்ல வழி. ‘பிராய்லிங்’ என்பது இதுதான்.

கரி அடுப்பில் சுடும்போது தணல் கீழே இருக்கும். இங்கே தணல் மேலே. முன்பெல்லாம் வீட்டில் கேக் செய்கிறவர்கள் பாத்திரத்தின் மூடிமேல் சிரட்டைக் கரித் தணலைக் கொட்டி வைப்பார்களே, அதே வேலையை ஓடிஜி (OTG) என்ற சிறிய மின்சார அடுப்பின் மேல்கம்பி செய்கிறது. கிரில் வசதியுள்ள மைக்ரோவேவிலும் செய்யலாம். ஆனால் அதில் சூடு மெதுவாக ஏறும், இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும்.

மீன்

இந்த முறைக்கு நெய்யுள்ள மீன்தான் பொருத்தம். அயலை, சாளை (மத்தி) இரண்டும் சூடு கொஞ்சம் கூடினாலும் எளிதில் வறண்டுபோகாது. தொடங்குகிறவர்கள் விலை கூடிய நெய்மீனில் (வஞ்சிரம்) கை வைக்க வேண்டாம். ஒரு நிமிடம் கூடினாலும் துண்டு சக்கையாகிவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில், சின்னமுட்டத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக இரண்டு கரையும் சேர்ந்து அடைத்திருப்பது ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரம் மட்டுமே. அந்த நாட்களிலும் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களின் மீன் கொஞ்சம் வரும்.

கண் தெளிவாக, செவிள் சிவப்பாக, விரலால் அமுக்கினால் குழி விழாமல் இருக்க வேண்டும். வாங்கியதும் ஐஸில் வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அயலை, சூரை, சாளை மூன்றும் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் சாஸ்

மீனைச் சுட ஆகும் நேரத்தைவிட சாஸ் காய்ச்ச ஆகும் நேரம் கூடுதல். அதனால் இதை முதலில் முடித்துவிடுங்கள். நான்கு நடுத்தர அயலைக்கு இந்த அளவு போதும்.

குடம்புளி இரண்டு சுளையைக் கழுவி, அரை கப் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுச் சுளையை எடுத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போதே ஒன்றரை மேசைக்கரண்டி கருப்பட்டித் தூளைப் போட்டுக் கரைத்து வடிகட்டுங்கள். நல்ல கருப்பட்டியிலும் மண் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள்.

மண்சட்டியில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டு நான்கு பல், பொடியாக நறுக்கிய சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஆறு, ஒரு இணுக்கு கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். உள்ளி பொன்னிறமானதும் தீயைக் குறைத்து, ஒரு தேக்கரண்டி வத்தல் மிளகுப்பொடி (மிளகாய்த்தூள்), அரைத் தேக்கரண்டி நல்லமிளகுப்பொடி (மிளகுத்தூள்) போடுங்கள். உடனே புளிக்கரைசலை ஊற்றி, கொஞ்சம் உப்பு போட்டு ஆறேழு நிமிடம் வற்றவிடுங்கள். கரண்டியின் பின்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். மண்சட்டி இல்லாதவர்கள் எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். அலுமினியமும் இரும்பும் புளிப்புக்கு ஆகாது.

குடம்புளியைப் புகையில் உலர்த்துவதால் அதற்கென்று ஒரு புகை மணம் உண்டு. கரி இல்லாமலே, கரியில் சுட்ட மீனின் வாசனை இந்த சாஸில் வந்துவிடுகிறது. எலுமிச்சம்பழத்தை விட்டு நான் இதற்கு மாறியதே அதனால்தான்.

சாஸை இரண்டு கிண்ணத்தில் பிரித்து வையுங்கள். ஒன்று மீனில் பூச, ஒன்று சாப்பிடும்போது தொட்டுக்கொள்ள. மீனைத் தொட்ட தூரிகை இரண்டாவது கிண்ணத்துக்குள் போகக்கூடாது.

மீனை உலர்த்துவது

குடல் நீக்கிக் கழுவிய மீனின் இரண்டு பக்கமும் முள்ளைத் தொடும் ஆழத்துக்கு மூன்று கீறல் போடுங்கள். ஒரு தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்பொடியும் தடவிப் பதினைந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும். அந்தத் தண்ணீரைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். கீறலுக்குள்ளும், வயிற்றுக்குள்ளும். ஈரம் இருந்தால் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும், மீன் அவிந்துபோகுமே தவிர தோல் முறுகாது. இந்த ஒரு வேலையில் அவசரப்படாதீர்கள்.

உலர்ந்த மீனில் தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். கனமாகத் தடவினால் வீடெல்லாம் புகை.

சுடுவது

ஓடிஜியில் மேல்கம்பி மட்டும் எரியும்படி திருப்பி, சூட்டை உச்சத்துக்கு (பெரும்பாலான அடுப்புகளில் 230 அல்லது 250 டிகிரி) வைத்துப் பத்து நிமிடம் காயவிடுங்கள். கம்பி செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். தட்டில் கால் அங்குலம் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் வலைக்கம்பியை வைத்து மீனை அடுக்குங்கள். சொட்டும் நெய் தண்ணீரில் விழுவதால் கருகிப் புகையாது. மீனுக்கும் மேல்கம்பிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

முதல் பக்கம் ஏழு நிமிடம். தோல் அங்கங்கே கொப்புளித்து நிறம் மாறும். மெதுவாகத் திருப்பி இன்னும் நான்கு நிமிடம். அதற்குப் பிறகுதான் சாஸ். மேல்பக்கமும் கீறல்களும் நிறையும்படி பூசி, கடைசியாக ஒன்றரை நிமிடம், கண்ணை எடுக்காமல்.

முதன்முதலில் செய்தபோது நான் சாஸைத் தொடக்கத்திலேயே பூசி வைத்தேன். ஐந்தாவது நிமிடம் கருப்பட்டி கரியாகிக் கசந்தது, உள்ளே முள்ளோரம் இரத்தம் அப்படியே இருந்தது. நான்கு மீனும் வீண். இனிப்பு எதுவானாலும், கருப்பட்டியோ சர்க்கரையோ தேனோ, மேல்தணலில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

வெந்துவிட்டதா என்று பார்க்க நடுக்கீறலில் கத்தி நுனியை நுழைத்து மெல்ல நெம்புங்கள். சதை பால்வெள்ளையாகி முள்ளைவிட்டுப் பிரிந்தால் போதும். வெப்பமானி இருந்தால் நடுச்சதையில் 63 டிகிரி.

சாளைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஆறேழு நிமிடம் போதும். உரித்த இறாலுக்கு நான்கைந்து நிமிடம். கணவாயை வட்டமாக நறுக்காமல் விரித்துக் கட்டம் கட்டமாகக் கீறி, மூன்று நான்கு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கூடினால் ரப்பர்தான்.

இறாலுக்கும் கணவாய்க்கும் கருப்பட்டி சாஸைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும்: கெட்டித் தேங்காய்ப்பால் அரை கப், இடித்த நல்லமிளகு ஒரு தேக்கரண்டி, பூண்டு, உப்பு. தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே பாதியாக வற்றவைத்து, சுட்டு எடுத்த பிறகு மேலே ஊற்றுங்கள்.

அயலைக்குத் துணை அவித்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி). கூடவே காந்தாரி மிளகும் (காரமான குட்டி மிளகாய்) சின்ன உள்ளியும் உப்பும் அம்மியில் நசுக்கி, பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தது ஒரு கரண்டி. மீனை அடுப்பில் வைப்பதற்கு முன்பே கிழங்கை அவித்து வடித்து மூடி வைத்துவிடுங்கள். சுட்ட மீன் ஆறினால் தோல் தொய்ந்துவிடும், எடுத்த கையோடு பரிமாற வேண்டும்.