பிள்ளை பெற்ற உடம்புக்கு இரும்பும் சுண்ணாம்பும்: பூம்பாறை வீட்டுக் கணக்கு

முதல் பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும்போது கண் இருட்டி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4. "மாத்திரை போடுறியா இல்லையா?" என்று கிராம சுகாதார நர்ஸ் அக்கா கேட்டார். ஒருநாள் விடாமல் போட்டிருந்தேன். எப்படிப் போட்டாய் என்று அடுத்த கேள்வி. இரும்பு மாத்திரை, சுண்ணாம்புச் சத்துக்கான கால்சியம் மாத்திரை ரெண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒரு டம்ளர் வரக்காப்பியில் விழுங்கிவிடுவேன் என்றேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் பூம்பாறைக் குளிரில் காப்பி இல்லாமல் பொழுது விடியாது. ஆனால் காப்பியிலும் டீயிலும் உள்ள துவர்ப்பு, இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. கால்சியமும் இரும்புக்கு வழிவிடாது. அதனால் ரெண்டாவது பிள்ளைக்கு முதல் வேலையாக நேரத்தைப் பிரித்தேன்.

காலை 6 மணிக்குக் காப்பி. 8 மணிக்கு இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டதும் ஒரு கால்சியம். மதியச் சோற்றோடு இன்னொரு கால்சியம். 4 மணிக்குப் பால் அல்லது காப்பி; அதற்குப் பிறகு ரெண்டும் கிடையாது. இரவு ஏழரைக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்கு இரும்பு மாத்திரை. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை எலுமிச்சை பிழிந்து அதோடு போடுவேன். புளிப்பில் உள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும். நெல்லிக்காய் ஒன்று கடித்தாலும் சரி. "எலுமிச்சை குடிச்சா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று அத்தை ரெண்டு நாள் முணுமுணுத்தார். தாய் குடிக்கும் எலுமிச்சையால் பிள்ளைக்குச் சளி வராது. வயிறு எரிகிறவர்கள் சாப்பிட்ட உடனே போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் குறைவாகச் சேரும், போடாமல் விடுவதற்கு அது மேல். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பின் நிறம்.

அரசு கொடுக்கும் இரும்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள், தினம் ஒன்று. ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தால் டாக்டர் ரெண்டாக்குவார், ஊசி வழியாகவும் ஏற்றுவார். எதற்கு இத்தனை என்றால், பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் அதோடு ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. கீரை, தானியத்தில் உள்ள இரும்பிலோ பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிசு. பேரீச்சம்பழத்தை மட்டும் நம்பி இருக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: பத்துப் பழம் தின்றாலும் ஒரு மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு தேறாது.

கால்சியத்துக்கு எங்கள் வீட்டில் கேழ்வரகுதான். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்குத் தினம் 1200 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன அளவு. சாப்பாட்டில் வரவில்லை என்றால் தாயின் எலும்பிலிருந்து எடுத்துப் பிள்ளைக்குப் போகும். கேழ்வரகை முளைகட்டினால் சத்தைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் குறையும். ஆனால் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் ஒரே ராத்திரியில் வரும் முளை இங்கே குளிரில் வராது. கல் அரித்துக் கழுவி, வெந்நீர் கலந்த தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டி, அடுப்பு மேட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிடுவேன். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்கணும். ரெண்டாம் நாள் ராத்திரி துணியை விரித்தால் வெள்ளை நூல் போல முளை நீட்டியிருக்கும். பிசுபிசுத்துப் புளித்த வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மூடுபனியில் வெயிலை நம்பிக் காயப்போட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஈரம் போக நிழலில் உலர்த்தி, சின்னத் தீயில் வாசம் வரும் வரை வறுத்து, அப்புறம்தான் மில்லுக்கு. மூன்று ஸ்பூன் மாவு, கருப்பட்டி, ஒரு ஸ்பூன் வறுத்த எள்ளுப் பொடி போட்டால் ஒரு வேளைக் கஞ்சி.

பூண்டைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பூண்டில் இரும்பு கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் தானியம், பருப்போடு சேர்த்துச் சமைத்தால் அவற்றில் உள்ள இரும்பும் துத்தநாகமும் கூடுதலாகக் கிடைக்கும் என்று மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் செய்த சோதனைகள் காட்டின. எனவே பூண்டை வெறும் பாலில் வேகவைத்துத் தருவதோடு நிறுத்தாமல், பாசிப்பருப்பிலும் பத்துப் பல் போடுங்கள். பூண்டுக் குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் புளிப்பில் கொஞ்சம் இரும்பு இறங்கும். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடணும், இல்லாவிட்டால் கறுத்துக் கசக்கும்.

கறி சாப்பிடுகிறவர்களுக்கு வேலை சுலபம். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குப் போகிறவரிடம் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) சொல்லிவிடுங்கள். அதில் ஈரலைவிட இரும்பு அதிகம். நன்றாக வேக வேண்டும். முருங்கை இந்தக் குளிருக்கு வராது, ஒட்டன்சத்திரத்திலிருந்து கீரை வரவழைத்து நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொள்ளலாம். துத்தநாகத்துக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. முட்டை, கொண்டைக்கடலை போதும்.

உப்பு விஷயத்தில் அத்தையோடு சண்டையே வந்தது. அவருக்கு அயோடின் சேர்க்காத கல்லுப்புதான். மழை கழுவிக்கொண்டே இருக்கும் மலை மண்ணில் அயோடின் தங்காது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு அயோடின் தாயிடமிருந்துதான் வர வேண்டும். கடைசியில், அயோடின் உப்பை மூடி போட்ட டப்பாவில் அடுப்புக்குத் தள்ளி வைத்து, குழம்பு இறக்கும்போது போடுவது என்று சமாதானம் ஆனோம். கல்லுப்பு ஊறுகாய்ப் பானைக்குப் போனது.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கட்டும். தண்ணீரும் ஒரு மலைவாழைப்பழமும் அதற்கு வைத்தியம். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையைப் பெரிய பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சிவப்பாக மிட்டாய் மாதிரி இருக்கும், நாலைந்து தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

180 நாள் எப்போது முடிகிறது என்று எனக்கு நினைவில் நிற்காது. அதனால் தினசரிக் காலண்டர் தாளில் 1, 2, 3 என்று பென்சிலால் எழுதிவைத்தேன். மாத்திரை போட்ட பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பது. ஒருநாள் மறந்து தூங்கிவிட்டால் மறுநாள் காலையில் அத்தையே பழைய தாளைக் காட்டுவார்.