எம்ஜிபி ஆயில் கூலர் ஹோஸ்: கசிவு ஓரிடம், சொட்டு வேறிடம்

எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) எஞ்சின் சூடானால் மட்டும், ஆயிலை ஆறவைக்கும் கூலருக்குப் போகும் ஹோஸின் நடுவில் ஆயில் சொட்டும், ஆறினால் நின்றுவிடும். நட்டை இறுக்கிப் பார்த்தேன். டெஃப்லான் டேப் சுற்றினேன் (வீண் வேலை, இங்கே கசிவை அடைப்பது இணைப்பின் கூம்பு முனை, மரையல்ல).

கழற்றி, ஒரு முனையை அடைத்து, லேசாகக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால், குமிழி வந்தது, ஹோஸ் முனையை நெரித்துப் பிடிக்கும் கிரிம்ப் வளையத்தின் விளிம்பில்! அங்கே கசியும் ஆயில் கம்பிப் பின்னலுக்குள்ளேயே ஊர்ந்து, தாழ்ந்த இடத்தில் வெளியே வருகிறது.

மன்னார்குடியில் அறுவடை மெஷினுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் போடும் கடையில் புதிது அடித்தேன். அரை அங்குல உள்விட்டம், பழைய மரை, அதே கூம்புக் கோணம். கடைக்காரர் இரட்டைக் கம்பிப் பின்னலை நீட்டினார், ஒற்றையே போதும். இரட்டை விறைத்து நின்று கூலர் முனையைத் திருகும், இங்கே அழுத்தமோ 80 பிஎஸ்ஐ அளவுதான்.

வெட்டிய ரப்பர் துகளை டீசல் ஊற்றிக் கழுவினேன். கூலர் முனையை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டை இன்னொன்றால் இறுக்கினேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் பிரஷர் முள் ஏறிய பிறகே எஞ்சினைக் கிளப்பினேன்.