பூநாரை காட்டப் போய் மடையான் பார்த்த கதை: குட்டிப் பிள்ளைகளுக்குப் பறவை காட்டும்போது தவிர்க்க வேண்டியவை

சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரிக்குள்ளேயே போகும், குளிர்காலத்தில் இரண்டு பக்கமும் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) நிற்கும். நாங்கள் இருப்பது தமிழ்நாடு-ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம். பக்கம்தானே என்று இரண்டரை வயது மகளை ஒரு ஜனவரி காலையில் கூட்டிப்போனோம். அதோ பார், அதோ பார் என்று காட்டினால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, எங்களுக்கே தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடுதான். பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் அழுதுவிட்டாள். அழுகை நின்றது சாலையோரச் சேற்றில் நின்ற மடையான் என்ற சின்னக் கொக்கைப் பார்த்துத்தான். மண் நிறத்தில் அசையாமல் நின்றது, திடீரென்று எழும்பியபோது இறக்கை முழுக்க வெள்ளை. வீடு வரும்வரை "வெள்ளை, வெள்ளை" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அபூர்வமானதில் தொடங்குவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் காக்கையும் மைனாவும் அணிலும் போதும், அவை பக்கத்தில் வரும், தினமும் வரும். பெரியவர்களின் பைனாகுலர் அந்தச் சின்னக் கண்களின் இடைவெளிக்குப் பொருந்தாது, அதனால் அதை விட்டுவிடுங்கள். சூலூர்ப்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்கும் போகலாம், அங்கே வரும் கூழைக்கடா (பெலிகன்) பெரிய பறவை, மரத்தில் கூடு கட்டியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனால் வெயில் ஏறுவதற்குள் போய், பிள்ளை போதும் என்றதும் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது பெயர் கேட்டுப் பரீட்சை வைப்பது. "இது என்ன, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை பறவையை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் நடக்கும்: வீட்டில் கொக்கு, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மம்மாவிடம் கொங்க. திருத்தாதீர்கள், இரண்டும் சரிதான். கொக்கு பறக்கும்போது நகத்தை நீட்டி "கொக்கே கொக்கே பூப்போடு" என்று சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், அப்புறம் பிள்ளையே வானத்தைப் பார்க்கும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது கைதட்டியும் கல்லெறிந்தும் பறவைகளைப் பறக்க வைப்பதைப் பார்த்தால்தான். பூநாரை தலையைக் கவிழ்த்து, ஆழமில்லாத தண்ணீரை அலகால் சலித்துத்தான் சாப்பிடுகிறது, அந்த இளஞ்சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பி விடுகிறோம். பறவை என்றால் துரத்துவதற்கு என்று பிள்ளையும் கற்றுக்கொள்கிறது.

"சாப்பிடலைன்னா ஆந்தை வந்து தூக்கிட்டுப் போயிடும்" என்று பயமுறுத்துவதும் வேண்டாம். இரவில் எலி பிடிக்கும் அந்தப் பறவையைக் காலத்துக்கும் வெறுக்க வைக்க அந்த ஒரு வரி போதும்.

கீழே விழுந்த குஞ்சைப் பார்த்தால் பிள்ளைகள் துடித்துப்போவார்கள். உடனே வீட்டுக்கு எடுத்துவந்து பால் ஊற்றாதீர்கள், பறவைகளுக்குப் பால் செரிக்காது. இறகு முளைத்த குஞ்சு என்றால் பெரும்பாலும் பறக்கப் பழகிக்கொண்டிருக்கும், தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனை வரும் இடமாக இருந்தால் அருகிலுள்ள செடிக்கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இறகே இல்லாத குஞ்சைக் கூடு எட்டினால் திருப்பி வைக்கலாம், மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. தாய் இரையோடு திரும்பி வருவதை மறைந்து நின்று பிள்ளைக்குக் காட்டுங்கள்.

கூண்டுக் கிளி வாங்கிக் கொடுத்துப் பழக்குவதை மட்டும் எந்தச் சமாதானமும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். நம் ஊர் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி பார்க்க ஆசையா, சாயங்காலம் வேப்பமரத்தடியில் பாய் போட்டு உட்காருங்கள், பழம் பழுக்கும் காலத்தில் கத்திக்கொண்டு தானாக வரும்.